மாட்டிடம் கேட்ட மன்னிப்பு

“செத்துப்போன மாட்டுக்கிட்ட பெரியப்பா ஸோரி சொன்னாருதானே? அப்ப என்கிட்ட மட்டும் ஏம்மா சொல்லல?”

புக்கிட் செந்தோசாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரின் பின் இருக்கையிலிருந்து என் மகள் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. பதில் வராது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது போலும்.

கோபம் தணிந்ததும் இதை எழுதலாம் என்று காத்திருந்தேன். தணியவில்லை. நான் பொதுவாகச் சண்டை போடுகிறவள் இல்லை. ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். அங்கே யாராவது என் மீது தவறாகப் பழி போட்டால்கூட, ஒருவேளை நான்தான் தவறு செய்தேனோ என்று முதலில் என் மேசையைத்தான் தேடிப் பார்ப்பேன். புகுந்த வீட்டில் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. இப்போது எழுதும்போதுகூட இதெல்லாம் எழுத வேண்டிய விஷயம்தானா என்று ஒரு குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்காமல் எழுதுகிறேன்.

என் மகளுக்கு டைனோசர் பைத்தியம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வயதில் வருவதுதான், போய்விடும் என்றார்கள். ஆனால் இவளுக்கு டைனோசர் பொம்மைகளில் ஆசையில்லை. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதில்தான் ஆசை. தொப்பி போட்ட ஆண்களும் பெண்களும் ஏதோ ஒரு பாலைவனத்தில் தலையைக் குனிந்துகொண்டு மணிக்கணக்காக நடக்கும் காணொளிகளைப் பார்ப்பாள். ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து நான் தமிழில் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கும் பாதி மனப்பாடமாகிவிட்டது.

அந்த ஆட்கள் வந்ததும் தோண்ட ஆரம்பிப்பதில்லை. முதலில் நடக்கிறார்கள். காற்றும் மழையும் மணலை அரித்து எதையாவது வெளியே காட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது நடந்தால் சின்னத் துண்டுக்கும் நிழல் இருக்கும். மேட்டின் அடியில் ஒரு சிறிய துண்டு கிடந்தால், அது மேலே எங்கிருந்தோ உருண்டு வந்திருக்கிறது என்று பொருள். அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு என்று மேலே ஏறிப்போனால், துண்டுகள் நின்றுபோகும் இடத்தில்தான் எலும்பு புதைந்திருக்கும். அங்கே உட்கார்ந்து தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். வெளியே எடுப்பதற்கு முன் மாவுக்கட்டு போட்டுவிட வேண்டும், கை உடைந்தால் போடுவதைப் போல. கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பார்களாம். எலும்பாக இருந்தால் நாக்கில் லேசாக ஒட்டுமாம்.

எங்களுக்கும் ஒரு பாலைவனம் இருந்தது.

என் கணவரின் அண்ணன் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். ஊரின் பெயரை மாற்றி வெகு காலமாகிவிட்டது; எங்கள் வீட்டில் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. தோட்டத்துச் செம்பனை மரங்கள் முடியும் இடத்தில் பழைய ஈயச் சுரங்கத்து மணல் தொடங்கும். ஈயத்தை எடுத்துக்கொண்டு மணலைக் கக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசச் செய்யும் மேடுகள். ஆங்காங்கே லாலாங் புல். தூரத்தில் மணல் லோரிகள். நடுவே பச்சை நிறத்தில் ஆழம் தெரியாத குட்டைகள். அந்தக் குட்டைகளை நினைத்தாலே எனக்குப் பயம். ஆனால் முதல் முறை அந்த மணலைப் பார்த்தபோது என் மகள், “அம்மா, இங்கயே பாலைவனம் இருக்கு!” என்று கத்தியதை நான் எப்படி மறக்க முடியும்?

அதன் பிறகு அண்ணன் வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் தேடல்தான். வெயில் ஏறுவதற்கு முன் அவளும் நானும் மட்டும் போவோம். அவளுக்குத் தொப்பி, தண்ணீர்ப் புட்டி, சாயம் அடிக்கும் தூரிகை, பழைய பல் தூரிகை, சாப்பாட்டுக் கரண்டி. எனக்கு ஒரு நீளமான கம்பு. அவள் கால் வைக்கும் இடத்தையெல்லாம் நான் முதலில் குத்திப் பார்ப்பேன். குட்டைப் பக்கம் போகவே விடமாட்டேன். குனிந்துகொண்டே மெதுவாக நடப்போம். உடைந்த பீங்கான், துருப்பிடித்த இரும்பு, சிப்பி கிடைக்கும். எலும்பு கிடைக்காது. கிடைக்காது என்று எனக்குத் தெரியும். இந்த மணலுக்கு டைனோசர் காலத்து வயதில்லை. இதையும் நான் படித்து வைத்திருந்தேன். அவளிடமும் சொல்லிவிட்டேன்.

“பரவால்லம்மா. இல்லன்னு தெரிஞ்சாலும் தேடித்தான தெரியணும்?” என்றாள்.

அவள் ஏமாற்றம் அடைந்ததே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் எல்லோரும் சொன்ன சமாதானமே “புள்ள பாவம், ஏமாந்து போகுதேன்னுதான்” என்பதுதான். இல்லை. வெறுங்கையோடு திரும்பும் காலைகளில் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவாள். இன்றைக்கு இந்த மேட்டில் இல்லை, அடுத்த வாரம் அந்த மேடு என்பாள்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். மண்வாரி இயந்திரம் ஓட்டுகிறார். தாட்டியான ஆள், உரத்த சிரிப்பு, கை தாராளம். மாமியாரும் மாமனாரும் இல்லாத வீட்டில் எல்லாம் அவர்தான். கெட்டவர் என்று என்னால் எழுத முடியாது. எழுத முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவர் என் மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்.

“சரி விஞ்ஞானி, மணலு இவ்ளோ இருக்கு. எங்க தோண்டணும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“மொதல்ல தோண்டக் கூடாது பெரியப்பா! நடக்கணும்.”

“நடந்தா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நிழல், சின்னத் துண்டு, மேலே ஏறிப்போவது, தூரிகை, மாவுக்கட்டு, நாக்கு. தன்னை ஒரு பெரியவர் இவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்ற பெருமை அவள் முகத்தில் இருந்தது. “நாக்குலயா? அலாமா!” என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமாவுக்குப் பிள்ளை மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்தேன்.

அடுத்த முறை போனபோது, வழக்கமாக அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் என் கணவர் நானும் வருகிறேன் என்றார். மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் ஒரு பை நிறையத் தே தாரேக் தேநீரையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அவர் மனைவியும் வந்தார். அவரை நான் அக்கா என்பேன். “என்னா எல்லாரும் வர்றீங்க?” என்று கேட்டதற்கு, “ஏன், ஒனக்கு மட்டுந்தான் பாலைவனமா?” என்றார் அக்கா.

மேட்டின் அடியிலேயே என் மகள் நின்றுவிட்டாள். குனிந்தாள். விரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்புத் துண்டு. கொஞ்சம் மேலே இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று. அவள் கத்தவில்லை. என் கையைப் பிடித்து, எழுப்பிவிடக் கூடாத ஏதோ தூங்கிக்கொண்டிருப்பதைப் போல, “அம்மா, ஏறிப் போகுது” என்று மெல்லச் சொன்னாள். படித்ததெல்லாம் பறந்துபோனது. நம் நாட்டிலும் எங்கோ டைனோசர் பல் கிடைத்திருக்கிறதே, எதுவும் நடக்கலாமே என்று அந்த ஒரு நிமிடம் நானும் நம்பினேன்.

துண்டுகள் நின்ற இடத்தில் அவள் மண்டியிட்டாள். தூரிகையால் தள்ளத் தள்ள நீளமாக ஓர் எலும்பு தெரிந்தது. பக்கத்தில் விலா எலும்புகள், முதுகெலும்புக் கணுக்கள். ஒரு சிறு துண்டைக் கையில் எடுத்து, தண்ணீர் ஊற்றித் துடைத்து, நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்தாள்.

ஒட்டியது. நாக்கில் தொங்கியது. கையை விரித்துக்கொண்டு, நாக்கில் எலும்போடு, கண்கள் முழுக்க நீரோடு என்னைப் பார்த்தாள்.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். என் கணவர் கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வீட்டிலிருந்து கோதுமை மாவைக் கரைத்து எடுத்து வந்து, பழைய செய்தித்தாளை நனைத்து, நீளமான கால் எலும்புக்கு அவளும் நானும் மாவுக்கட்டு போட்டோம். பஞ்சு வைத்த காலணிப் பெட்டியில் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாட்டு எலும்பாக இருக்குமோ என்று மறுநாளே எனக்குச் சந்தேகம் வந்தது. ஏதோ ஒரு மாடு எப்போதோ அங்கே செத்துக் கிடந்திருக்கலாம். யாரிடமாவது காட்டிக் கேட்டுவிட்டு அவளிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். அதற்குள் பள்ளியில் அவள் தன் தேடலைப் பற்றி வகுப்பில் பேசிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்களாம்.

காணொளி அந்த வாரமே பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் தம்பிகளும் கூட்டாளிகளும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் என் கணவர் போட்டிருக்கிறார். நான் அந்தக் குழுவில் இல்லை. அங்கிருந்து யாரோ, யாருக்கோ. கடைசியில் என் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி தன் அப்பாவின் கைப்பேசியில் பார்த்திருக்கிறாள். மறுநாள் ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டு இவள் பின்னாலேயே ஓடியிருக்கிறார்கள்.

வேலை முடிந்து வந்ததும், “அப்பா எடுத்த வீடியோவக் காட்டும்மா” என்றாள். கணவரிடம் கேட்டேன். “எதுக்கு இப்ப?” என்றார். அவர் குளிக்கப் போன நேரத்தில் அவர் கைப்பேசியை எடுத்து, அவளும் நானும் சேர்ந்து பார்த்தோம். அவளுக்குக் காட்டாமல் நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். தெரிகிறது. ஆனால் பார்க்கும் உரிமை என்னைவிட அவளுக்குத்தானே அதிகம்?

படம் நாங்கள் மேட்டை அடைவதற்கு முன்பே தொடங்குகிறது. தூரத்தில், முன்னால் நானும் அவளும் கம்போடு நடந்து போகிறோம். மாமாவின் குரல்: “தம்பி, சரியா எடு. துண்டு துண்டா போட்டு வச்சிருக்கேன், அவ சொன்ன மாதிரியே. மண்டைய மட்டும் போடல, கொம்பப் பாத்தா கண்டுபிடிச்சிடுவா.” என் கணவரின் குரல்: “நக்குவாளாண்ணே?” “நக்குவா பாரு.” பிறகு அவள் நாக்கில் எலும்பு தொங்கும்போது கேட்ட அந்தச் சிரிப்பு. அதற்கு மேல் யாரோ சினிமாப் பாட்டு வேறு ஒட்டியிருந்தார்கள்.

என் மகள் அழவில்லை. “நான் சொல்லிக் குடுத்தத வச்சே என்னை ஏமாத்திட்டாங்க” என்றாள்.

ஒரு பிள்ளை தெருவில் வழுக்கி விழுந்தால் சிரிக்கிறோம், சரி. ஆனால் இவள் விழவில்லை. அவள் மிகச் சரியாக எல்லாவற்றையும் செய்தாள். சரியாகச் செய்ததற்காகச் சிரித்தார்கள். ஏமாற்றினார்கள் என்பதைவிட இதுதான் என்னை எரிக்கிறது. கணவரிடம் நான் முதல் முறையாகக் குரலை உயர்த்திக் கத்தினேன். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, “ஜோக்குக்குப் போயி இப்படிக் குதிக்கிறியே. அண்ணன் மெனக்கெட்டுப் பொதைச்சிருக்காரு, பாசம் இல்லாமலா?” என்றார்.

“செத்த மாட்டு எலும்ப வாயில வச்சிருக்கா உங்க மக!”

“கழுவிட்டுத்தான வச்சா?”

அந்த ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போகவே கூடாது என்று நினைத்தேன். போனேன். போகாவிட்டால் பேச்சு வரும். அதுதான் நான்.

மாமா வாசலிலேயே நின்று, “வாங்க விஞ்ஞானி!” என்று கையை நீட்டினார். என் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் நின்றாள். பையிலிருந்து அந்தத் தூரிகையை எடுத்து அவர் காலடியில் எறிந்தாள்.

“நீங்க பொய்யன்.”

அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். “என்னாடி பேச்சு இது? பெரியப்பாவ அவன் இவன்ங்கிற? இதான் படிச்ச அம்மா சொல்லிக் குடுக்கிற லட்சணமா?”

“பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ வாய் ஆகாது” என்றார் மாமா, இன்னும் பாதிச் சிரிப்போடு. “எலும்புதானம்மா. டைனோசர் எலும்பா இருந்தா என்ன, மாட்டெலும்பா இருந்தா என்ன?” சொல்லிக்கொண்டே வாசலோர மேசையில் இருந்த மண்வாரியின் சாவியை எடுத்துச் சுழற்றினார். அதில் கோத்திருந்த சிறிய பித்தளை மணி கிணுகிணுத்தது.

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணே, இந்த மணி ஏது?”

“இதா? அந்த எலும்போடத்தான் கெடந்துச்சு. கறுத்துப்போய் இருந்துச்சு, புளி போட்டுத் தேய்ச்சேன். நல்லா இருக்குல்ல?”

“எங்க தோண்டுனீங்க?”

“பழைய லயத்த இடிச்சாங்கல்ல, அங்கதான். மொதலாளி தவுக்கே நெலத்தச் சமப்படுத்தச் சொன்னாரு. மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால.”

“நெல்லி மரம் நின்ன எடமா?”

“மரம் எங்க இருக்கு இப்ப? ஆமா, அந்தப் பக்கந்தான்னு நெனைக்கிறேன்.”

என் கணவர் அந்த மணியைக் கையில் வாங்கினார். கட்டை விரலால் அதன் விளிம்பில் எதையோ தேடினார். ஒரு வெட்டு இருந்தது. “நான் கட்டுன மணிண்ணே” என்றார். “இது நம்ம லட்சுமி.”

அப்போதுதான் அந்தக் கதையை நான் முழுதாகக் கேட்டேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான அந்த லயத்தில் இருந்த காலத்தில் அவர்கள் வீட்டில் லட்சுமி என்று ஒரு பசு. பள்ளிக்கூடம் போவதற்கு முன் என் கணவர்தான் அதன் பாலை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவார். அது செத்தபோது தோலுக்கோ கறிக்கோ கேட்டவர்களைத் திட்டி அனுப்பிவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பொட்டு வைத்து, மாமியாரின் சேலை ஒன்றைப் போர்த்தி, நெல்லி மரத்தடியில் புதைத்திருக்கிறார்கள். கழுத்து மணியை அவிழ்க்காமல் விடச் சொல்லி அழுதவர் என் கணவர். மாமா அப்போது ஜொகூரில் வேலையில் இருந்தார். அவருக்கு அந்த மணியும் தெரியாது, குழியும் தெரியாது.

“லயம் முழுக்க மாடு வச்சிருந்தாங்க. யாரு மாடுன்னு எலும்புல எழுதியா இருக்கு?” என்றார் மாமா. ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

“நம்மள வளத்த மாட்டத் தோண்டி வெளையாட்டுப் பொருளாக்கிட்டீங்களே!” என்று என் கணவர் கத்தினார். அண்ணன் முன்னால் அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கண்ணில் நீர். நான் சுவரோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளின் கையைப் பிடித்திருந்தேன். மாட்டுக்கு வருகிறதே இவ்வளவு கோபம். இந்தக் கோபத்தில் ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, அந்த மணல்மேட்டில் மகளுக்காக வந்திருந்தால் என்ன?

அதன் பிறகு எல்லாம் மாட்டைப் பற்றியேதான். எலும்புகளை மணலிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். மண்டையும் மாமா வீட்டுப் பின்கட்டிலிருந்து வந்தது. தோட்டத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் புதுக் குழி. மஞ்சள் தண்ணீர், புதுச்சேலை, எலுமிச்சம்பழம், சூடம். மாமா சட்டையைக் கழற்றிவிட்டு அந்தக் குழியின் ஓரத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “தெரியாம செஞ்சிட்டேன் தாயி, மன்னிச்சிடு” என்று அழுதார். நடிப்பில்லை. மணி திரும்பவும் உள்ளே போனது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மகள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தேடலின்போது நிற்பதைப் போலவே ஆடாமல் அசையாமல் எல்லாவற்றையும் பார்த்தாள்.

திரும்பி வரும்போதுதான் காரில் அந்தக் கேள்வி.

கதை இதோடு முடிந்திருந்தால் மனத்துக்குள் புழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன். முடியவில்லை. கால் எலும்பு ஒன்று எங்கள் வீட்டில், மாவுக்கட்டுக்குள், காலணிப் பெட்டியில் இருந்துவிட்டது. குழியை மூடும் அவசரத்தில் யாரும் அதை நினைக்கவில்லை. பிறகு மாமாவின் மண்வாரியில் எண்ணெய்க் குழாய் வெடித்தது. அக்காவுக்குக் கெட்ட கனவு. “ஒரு கால் வெளிய இருந்தா மாடு எப்படி நிம்மதியாப் படுக்கும்?” என்று தொலைபேசியில் கேட்டார். கோயில் திருவிழா வருகிறது. அதற்கு முன் எலும்பு வந்து சேர வேண்டும். கூடவே, பெரியப்பாவைப் பொய்யன் என்று சொன்னதற்கு, திருவிழா அன்று எல்லோர் முன்னாலும் பிள்ளை அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். “அவரு சாமிகிட்டயே கேட்டுட்டாரு, இவ கேட்டா என்ன கொறஞ்சா போயிடுவா?” என்றார் அக்கா.

மகளிடம் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

“எலும்பு குடுக்கிறேன். மாடு பாவம். அவர் மொதல்ல என்கிட்ட ஸோரி சொல்லட்டும்.”

“பெரியவங்கம்மா அவங்க.”

“லட்சுமி அவரவிடப் பெரியவளா?”



மாமாவுக்கு நானே தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “மாமா, நீங்க ஒரு வார்த்த அவகிட்ட சொன்னா போதும்” என்றேன். “ஏம்மா, சின்னப் புள்ளகிட்டப் போயி நான் ஸோரி சொல்றதா? நாளைக்கு யாரும்மா என்னை மதிப்பாங்க?” என்றார். கோபமாக இல்லை. நான் கேட்டது அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

என் கணவர் ஒரு வழி சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். “அவ ஸ்கூல் போனப்பறம் எடுத்துக் குடுத்துடலாம். சந்தைல ஒரு எலும்பு வாங்கி, அதே மாதிரி மாவுக்கட்டு போட்டுப் பெட்டில வச்சிட்டா அவளுக்கு என்னா தெரியவா போகுது?”

திரும்பவும். இன்னொரு போலி எலும்பு. அதுவும் அவளுடைய சொந்தப் பெட்டிக்குள். அவர் முகத்தைப் பார்த்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிரச்சினையைச் சுலபமாக முடிக்கிற நல்ல யோசனை என்றே நினைக்கிறார். “அந்தக் கட்ட அவ தன் கையால சுத்துனா. எந்தப் பக்கம் என்ன செய்தி அச்சாகியிருக்குன்னுகூட அவளுக்குத் தெரியும். அவ பாக்கிற மாதிரி இந்த வீட்டுல யாரும் பாக்கிறதில்ல” என்றேன். அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆனால் நான் யோக்கியமா? நேற்று அவள் பள்ளியில் இருந்த நேரத்தில் அலமாரி மேலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்தேன். கட்டு காய்ந்து கல் மாதிரி இருந்தது. ஒரு பையில் போட்டுக்கொண்டு போனால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். திருவிழா நிம்மதியாகப் போகும். அக்காவின் வாய் அடங்கும். யாருக்குத் தெரிந்தாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வார்கள். கையில் எடுத்தேன். அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று மறந்திருந்தேன். பிறகு, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து, அதே மாதிரி திருப்பி வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு, “மணலுக்குப் போகலாமா?” என்று அவளிடம் கேட்டேன். அந்தப் பெரியப்பா வீட்டுப் பக்கம் வேண்டாம், வேறு இடம் தேடலாம் என்றேன்.

“இனிமே ஏதாவது கெடைச்சா, யாராச்சும் போட்டு வச்சிருப்பாங்கன்னுதாம்மா தோணும்” என்றாள்.

இதைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எலும்புக்கு ஒரு குழி வெட்டிச் சேலை போர்த்தித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதை எந்தக் குழியிலிருந்து யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு என் மாமாவைப் போல ஒருவர் வீட்டில் இருப்பார். அவரைத் திட்டுங்கள் என்று கேட்கவில்லை. அதை நானே போதுமான அளவுக்கு மனத்துக்குள் செய்துகொண்டிருக்கிறேன். ஓர் ஏழு வயதுப் பிள்ளை, தன்னை ஏமாற்றியவரின் காலில் விழ வேண்டுமா? விழ வேண்டாம் என்று நான் அவள் பக்கம் நின்றால், கணவரின் வீட்டில் நாளைக்கு நாங்கள் எந்த முகத்தோடு நுழைவது? மாட்டின் கால் வெளியே கிடப்பது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. அவளிடம் எப்படிக் கேட்டால் அவள் அதைத் தன் மனத்தோடு கொடுப்பாள்? ஒரு பெரிய மனிதரை ஒரு சின்னப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். திருவிழாவுக்கு முன் எழுதினால் நல்லது. பெட்டி அலமாரி மேல்தான் இருக்கிறது. அவள் ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் முதலில் அதைத் திறந்து பார்க்கிறாள்.